சொட்டு நீல மலை

கல்வராயன் மலைக்கு நான் நீல வண்ணம் அடித்தேன். அதைப் பார்த்து ஒன்பதாம் வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மலையைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததே கிடையாது. நானும்தான் பார்த்ததில்லை, ஆனால் நான் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லையே.

எங்கள் பள்ளிக்கூடம் ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. மைதானத்துக்கு மேற்குப் பக்கம் சுற்றுச்சுவர் கிடையாது. நான் ஆறாம் வகுப்பு சேர்ந்த நாளிலிருந்து கட்டப் போகிறோம், கட்டப் போகிறோம் என்கிறார்கள். அந்தப் பக்கம் கரும்புத் தோட்டம், அதைத் தாண்டிப் பனை மரங்கள், அதையும் தாண்டி வானத்தின் அடியில் மலை. காலை பிரேயரில் நாங்கள் அந்தப் பக்கம் பார்த்துத்தான் நிற்போம். மழைக்காலத்தில் சில நாள் மலை காணாமல் போய்விடும். மழை விட்ட மறுநாள் துவைத்துக் காயப் போட்டது போலப் பளிச்சென்று வந்து நிற்கும். எப்போது வந்தாலும் நீலமாகத்தான் வரும்.

அதனால் விஜயலட்சுமி மிஸ் மாவட்டக் கண்காட்சிக்காக 'நமது மாவட்டத்தின் நிலத்தோற்றம்' என்று புராஜெக்ட் கொடுத்தபோது மலைக்கு என்ன நிறம் என்று நான் யோசிக்கவே இல்லை. விஜயலட்சுமி மிஸ் எங்கள் அறிவியல் ஆசிரியை. நல்லவர்தான், ஆனால் புத்தகத்தில் ஒரு படம் போட்டிருந்தால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

புராஜெக்ட் என்றால் வழக்கமாக எங்கள் ஊரில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. கள்ளக்குறிச்சிக்குப் போனால் எரிமலை, இதயம், காற்றாலை எல்லாம் தெர்மாகோலில் செய்தே விற்பார்கள். அப்பா பைக்கில் போய் வாங்கி வருவார், பிள்ளை அதன் மேல் தன் பெயரை எழுதி ஒட்டும். இந்த வருடம் மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். "கடையில வாங்கினு வந்தீங்கன்னா அந்தக் கடைக்காரருக்குத்தான் மார்க் போடுவேன்."

என் குழுவில் நான், இலக்கியா, அஜித். இலக்கியா வீட்டில் கரையான் தின்றது போக மிச்சம் இருந்த பழைய கதவுப் பலகையைக் கொடுத்தார்கள். செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்து, மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, நானும் இலக்கியாவும் மலையை எழுப்பினோம். அஜித் நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பையன், கையில் போன் உண்டு. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து ஆறும் அணையும் எங்கே வர வேண்டும் என்று அதட்டிக்கொண்டிருந்தான். கை மட்டும் பசையில் படவே இல்லை.

வண்ணம் என் பொறுப்பு. பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு எங்கள் வீட்டில் இருந்தது. துணிக்குப் போடும் சொட்டு நீலமும் இருந்தது. இரண்டையும் பள்ளிக்கு எடுத்துப்போய், ஒரு கிண்ணத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, சொட்டு விட்டுக் கலக்கி, மைதானத்துக்கு ஓடி மலையைப் பார்ப்பேன். வெளுப்பாகத் தெரிந்தால் இன்னொரு சொட்டு. கறுத்துவிட்டால் கொஞ்சம் சுண்ணாம்பு. சாயங்காலம் முழுக்க இதே வேலை. கடைசியில் கிண்ணத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தபோது கிண்ணத்துக்குள் இருந்ததும் வானத்தடியில் இருந்ததும் ஒன்றாகவே இருந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பரீட்சையில் நூறு வாங்குகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும்போல.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா பெயர் தங்கமணி. கூலிக்குக் களையெடுக்கப் போகிறவர். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும்போது நிமிர்ந்து பார்த்தால் அம்மாவுக்கும் எதிரே தெரிவது அந்த மலைதான். "நீலந்தான். அதுல இன்னா டவுட்டு?" என்றார். மாவட்டக் கண்காட்சிக்கு எங்கள் மலை போனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

மறுநாள் வகுப்பில் மிஸ் மலையைப் பார்த்தார்.

"இன்னா எழில்மதி இது? கடலைத் தூக்கி நிக்க வெச்சிருக்க?"

"மலை மிஸ்."

"மலை பச்சைம்மா. மரம், செடி, கொடி எல்லாம் இருக்குற எடம். புத்தகத்துல படம் பாக்கலியா?"

"வெளிய வந்து பாருங்க மிஸ். நீலமாத்தான் இருக்கு."

"அது தூரத்துல அப்படித் தெரியும். உண்மையான கலர் பச்சை."

"அப்ப நாம தெனம் பாக்கறது பொய்யா மிஸ்?"

வகுப்பு சிரித்தது. எனக்கு மூக்கு நுனி வரை கோபம். கோபம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. நீங்களும்தான் தினமும் பிரேயரில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள், ஒரு நாளாவது பச்சையாகப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் வெளியே நிற்க வைத்திருப்பார்கள். மிஸ் எனக்கு ஒரு பந்தயம் வைத்தார்.

"சரி. அடுத்த வாரம் கரியாலூருக்கு உங்கள கூட்டினு போறோம். மலை மேலயே போய்ப் பாரு. அங்க எங்கனா நீலம் இருந்தா எனக்குக் காட்டு, அப்படியே கண்காட்சிக்கு அனுப்பறேன். இல்லன்னா உன் கையாலயே பச்சை அடிக்கணும். சம்மதமா?"

"சம்மதம் மிஸ்," என்றேன். அன்றிலிருந்து அஜித் என்னை 'சொட்டு நீலம்' என்று கூப்பிட ஆரம்பித்தான்.

வேனில் ஜன்னல் ஓரத்துக்கு இலக்கியாவோடு சண்டை போட்டு இடம் பிடித்தேன். எனக்கு ஒரு திட்டம் இருந்தது. மலையை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது. நீலம் போகிறதென்றால் ஏதோ ஓர் இடத்தில்தான் போக வேண்டும். அந்த இடத்தைப் பிடித்துவிட்டால், அது வரைக்கும் மலை நீலம் என்றாவது வாதாடலாம்.

தியாகதுருகத்தில் மலை இன்னும் நீலம். கள்ளக்குறிச்சியில் கட்டடங்கள் மறைத்தன, ஊரைத் தாண்டியதும் மறுபடி வந்தது. முன்னைவிடப் பெரியது, நீலம்தான். கச்சிராயபாளையம் போகும் வழியில் மலைக்கு மடிப்புகள் வந்தன. ஒரு மலை என்று நினைத்திருந்தது ஒன்றன் பின் ஒன்றாகப் பல மலைகளாகப் பிரிந்தது. முன்னால் இருந்தது கொஞ்சம் கறுத்த மாதிரி இருந்தது. அஜித் முறுக்கு நீட்டினான், நான் திரும்பவில்லை. அணையைத் தாண்டி வேன் முனகிக்கொண்டு ஏற ஆரம்பித்தபோது பார்க்கிறேன், ஜன்னலுக்கு வெளியே மரம். மரத்துக்குப் பின்னால் மரம். எல்லாம் பச்சை. நீலம் எப்போதோ போய்விட்டிருந்தது. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தேன், எந்த இடத்தில் போனது என்று சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது.

வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. பச்சை என்றால் ஒரு பச்சை இல்லை. தளிர்ப் பச்சை, கரும்பச்சை, மஞ்சள் கலந்த பச்சை. பலா மரத்தில் அடியிலேயே பிஞ்சுகள் தொங்கின. மரவள்ளிக் கொல்லைகளில் மண் செக்கச்செவேல் என்று இருந்தது. இத்தனை நாளாக எட்ட நின்று ஒரே ஒரு கோடாகப் பார்த்துக்கொண்டிருந்த மலைக்குள் ரோடு இருந்தது, மாடு மேய்ந்தது, ஒரு அக்கா குடத்தோடு போனார். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பந்தயம் தோற்றுக்கொண்டிருப்பதுகூடக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

கரியாலூரில் இறங்கியதும் அஜித் ஞாபகப்படுத்தினான். "இன்னா சொட்டு நீலம், கெடைச்சுதா?"

நான் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கிப் பார்த்தேன். கையெல்லாம் பச்சை.

அங்கே மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் எங்களுக்கு மதியச் சாப்பாடு. அவர்களுக்கும் அதே கண்காட்சி, அதே தலைப்பு. செய்து வைத்திருந்ததை ஒரு கூடத்தில் மேசை போட்டு வரிசையாக வைத்திருந்தார்கள். நடுவில் இருந்த மாதிரியைப் பார்த்ததும் பக்கத்தில் போனேன். அதில் மலை பச்சையாக இருந்தது. நிஜ மண்ணைக் குழைத்துப் பூசிய கொல்லைகள், குச்சி நட்ட மரங்கள், பஞ்சு ஒட்டிய அருவி. எல்லாம் அப்படியே வழியில் பார்த்தது. இனி மிஸ்ஸிடம் வாதாட ஒன்றுமே இல்லை.

மிஸ் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பாராட்டினார். கிழக்குப் பக்கம் வந்ததும் நின்றார். மலை முடிகிற இடத்திலிருந்து பலகையின் ஓரம் வரை தட்டையாக ஒரே நீலம் அடித்திருந்தது.

"இது யார் செஞ்சது?"

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் முன்னால் வந்தாள். எங்கள் வயசுதான். பெயர் பாப்பாத்தி என்றாள்.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கம்மா. ஆனா கடல் எங்கேருந்து வந்துச்சு? நம்ம மாவட்டத்துக்குக் கடலே கெடையாதே."

"கடல் இல்லீங்க மிஸ்," என்றாள் பாப்பாத்தி. "அது கள்ளக்குறிச்சி."

அஜித் சிரிக்க வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"கள்ளக்குறிச்சி ஏம்மா நீலமா இருக்கு?"

"நீலமாத்தானே மிஸ் இருக்கும்?" அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. எங்களைத் தலை முதல் கால் வரை ஒரு தரம் பார்த்தாள். "நீங்க அங்கேருந்துதான வரீங்க?"

அந்தப் பள்ளியின் ஆசிரியர் சங்கடமாகச் சிரித்தார். "நானும் சொல்லிப் பாத்துட்டேங்க மேடம். கீழ வயல், ஊரு, ரோடு எல்லாம் இருக்கும்மா, பச்சையும் பழுப்பும் அடின்னேன். கேக்கவே மாட்டேங்குது. வெளிய வந்து பாருங்க சார்னு என்னையே கூப்பிடுது."

விஜயலட்சுமி மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மிஸ்ஸைப் பார்க்கவில்லை. பாப்பாத்தியைத்தான் பார்த்தேன். போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்கேருந்து பாத்தா அப்படித் தெரியுது? காட்டு."

பள்ளிக்குப் பின்னால் மரவள்ளிக் கொல்லை ஓரமாக ஓர் ஒற்றையடிப் பாதை. அது முடிகிற இடத்தில் பெரிய பாறை. எல்லோரும் ஏறினோம். முதலில் ஏறிய இலக்கியா "ஐயோ" என்று மட்டும் சொன்னாள்.

காலடியில் கரும்பச்சையாகச் சரிவு. அதற்கு அடுத்த சரிவில் அதே பச்சை கொஞ்சம் தண்ணீர் கலந்த மாதிரி. கீழே அணைத் தண்ணீர் ஒரு துண்டு தெரிந்தது. அதைச் சுற்றி வயல்கள் கட்டம் கட்டமாக, அதுவரை பச்சை என்று சொல்லலாம். அதற்கு அப்பால் கட்டங்கள் கலைந்து நீலமாயின. அதற்கும் அப்பால் வெறும் நீலம். பூமி எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடே இல்லை. நான் அந்தச் சாயங்காலம் கிண்ணத்தில் கலக்கினேனே, அதே நீலம். ஒரு சொட்டுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"ரிஷிவந்தியம் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். குரல் தானாகவே தாழ்ந்துவிட்டது.

பாப்பாத்தி நீலத்துக்குள் ஓரிடத்தைக் காட்டினாள். "அங்க எங்கனாதான் இருக்கும்."

அங்கே ஒன்றுமே தெரியவில்லை. எங்கள் பள்ளிக்கூடம், கொடிக்கம்பம், கட்டாத சுவர், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், கடை கண்ணி, பஸ் சத்தம், என்னைப் பார்த்துச் சிரித்த மற்ற பிள்ளைகள், எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ஒரு சத்தமும் மேலே வரவில்லை. அந்த நேரத்தில் அம்மா அந்த நீலத்துக்குள் எங்கோ மல்லாட்டைக் கொல்லையில் குனிந்து, கடலைச் செடிகளுக்கு நடுவே களையெடுத்துக்கொண்டிருப்பார். இடுப்பு வலித்தால் நிமிர்ந்து இந்தப் பக்கம்தான் பார்ப்பார். அம்மா பார்க்கிற நீலத்துக்குள் நான் நிற்கிறேன், நான் பார்க்கிற நீலத்துக்குள் அம்மா நிற்கிறார். நான் பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே ஓடியாடி விளையாடியிருக்கிறேன், எனக்குத் தெரியவே தெரியாது. அழுகை வந்துவிட்டது. துக்கமெல்லாம் இல்லை. அவ்வளவு பெரியதைப் பார்த்ததும் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

மிஸ் புடவைத் தலைப்பைக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"காலேஜ்ல படிச்சேன்," என்றார். "காத்து மேல வெளிச்சம் பட்டுச் செதறுது, அதுல நீலந்தான் ஜாஸ்தி செதறுதுன்னு. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனா இப்படி நின்னு பாத்ததில்ல எழில்மதி."

"அப்ப அது காத்தோட கலரா மிஸ்?"

"நமக்கும் அந்த ஊருக்கும் நடுவுல இருக்குற காத்து. கைக்கெட்டுற தூரத்துல ஒண்ணும் தெரியாது. இவ்ளோ தூரத்துக்குச் சேரும்போதுதான் தெரியுது."

என் உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஒன்றுமில்லாததுதான் அங்கே அவ்வளவு பெரிதாகப் படுத்திருந்தது. அப்போதுதான் எனக்கு இன்னொன்று புரிந்தது.

"மிஸ், வர்ற வழியெல்லாம் பாத்துக்கினே வந்தேன், நீலம் எங்க போச்சுன்னு. ஒரு எடத்துல போகல மிஸ். வேன் வர வர, நடுவுல இருந்த காத்து கம்மியாய்க்கினே வந்திருக்கு."

மிஸ் என் தோளில் கை வைத்தார். அஜித்துக்குப் பொறுக்கவில்லை.

"அதெல்லாம் சரி. மலையில நீலம் இருந்தா காட்டுன்னுதான மிஸ் சொன்னாங்க? நீலம் கீழதான இருக்கு. நீ தோத்துட்ட."

கோபம் வரவில்லை. அவன் சொன்னது நியாயம்தான். பந்தயம் பந்தயம்தான்.

"ஆமா மிஸ்," என்றேன். "மலை பச்சைதான். போனதும் பச்சை அடிச்சுடறேன்." கிண்ணத்தோடு மைதானத்துக்கு ஓடிய ஓட்டமெல்லாம் கண்ணுக்குள் வந்தது.

மிஸ் கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "பச்சை அடிச்சா அது இந்தப் பாறையிலேருந்து பாத்த மலை. நம்ம பள்ளிக்கூடம் இங்கயா இருக்கு?"

"இல்ல மிஸ்."

"அப்புறம் ஏன் அடிக்கணும்? எங்கேருந்து பாத்ததுன்னு எழுதாம வுட்டுட்ட. அது ஒண்ணுதான் தப்பு." பிறகு பாப்பாத்தியைப் பார்த்தார். "உனக்கும்தாம்மா."

அப்படித்தான் எங்கள் மலை நீலமாகவே கண்காட்சிக்குப் போனது. 'எங்கள் பள்ளி மைதானத்திலிருந்து பார்த்த கல்வராயன் மலை' என்று இலக்கியா அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினாள். பாப்பாத்தியின் பலகை இரண்டு மேசை தள்ளி இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் யாரையும் கேட்காமல் இரண்டையும் தூக்கி ஒரே மேசையில் எதிரெதிரே வைத்தோம், அவளுடைய நீல ஊர் என் நீல மலையைப் பார்க்கும்படி. தூக்குவதற்கு அஜித்தும் கை கொடுத்தான், அந்த மட்டும் சந்தோஷம். பரிசு, பட்டனை அழுத்தினால் சுற்றுகிற ஒரு காற்றாலைக்குப் போனது. கடையில் வாங்கியது என்று பார்த்தாலே தெரிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. மலையிலிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலம் அம்மா அப்போதுதான் கொல்லையிலிருந்து வந்து, குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி அதுதான்.

"இன்னாடி, மலை நீலந்தான?"

"பச்சைம்மா."

அம்மா முகம் சுருங்கிவிட்டது. "பச்சையா? நான் வேற நீலம்னு அடிச்சுச் சொன்னேனே. என்னாலதான் உனக்கு மார்க் போச்சா?"

"மார்க்கெல்லாம் போகலம்மா. மலை பச்சை. மேலேருந்து பாத்தா நீதான் நீலம்."

"நானா?"

"நீ, நம்ம வூடு, நீ களையெடுக்கற கொல்லை, எல்லாம். நான் கண்ணால பாத்தேன். அப்படியே மலை கலரு."

அம்மா சிரித்தார். "போடி. பொண்ணு பாக்க வந்தவங்கள்லேருந்து எல்லாரும் என்னைக் கறுப்பின்னுதான் சொல்லிருக்காங்க. நீதான் புதுசா நீலங்கற."

"நெசமாம்மா. மிஸ்ஸும் பாத்தாங்க."

சிரிப்பு நின்றது. அம்மா ஈரக் கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் மண் இருந்தது.

"இன்னிக்கு மட்டுமா, தெனமுமா?"

"தெனமும்மா. நீ குனிஞ்சு களையெடுக்கும்போதும்."

அம்மா குழாயை மூடிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். மறுபடி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.